ஞாயிற்றுக்கிழமைப் பயணி

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலைப் பேருந்துக்காகக் காத்திருந்து பழகியவர்கள் பொறுமையில் தேர்ந்தவர்கள். கல்வராயன் மலைக்கு ஏறும் பேருந்துகள் சிலவே. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை நிழல் தேடி அமர வேண்டியதுதான். சாமை மூட்டைகளும் கடுக்காய்ப் பைகளும் இருக்கைகளுக்கிடையே இடம்பிடித்துக்கொள்ளும். கோமுகி அணைப் பகுதியைக் கடந்து மலைவளைவுகளில் வண்டி முனகி ஏறும்போது, பலரிடம் இறங்கும் இடத்தைக் கேளாமலே நடத்துநர் பயணச்சீட்டைக் கொடுப்பார். ஆளைப் பார்த்தாலே ஊர் தெரியும் அளவுக்குப் பழக்கம்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. இருப்புப்பாதை மட்டும் உடன் வந்துவிடவில்லை. சின்னசேலத்திலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவுக்குப் புதிய பாதை அமைக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆதலால், இப்பகுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பயணம் என்ற சொல்லே பேருந்தைத்தான் குறிக்கும்.

அவ்வாறு காச்சிராயபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வளர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் கம்பி கட்டும் தொழிலாளியாகப் பணிபுரிகிறார். அங்குச் சென்று ஏழு மாதங்கள் ஆகியும் அவர் அந்நகரைக் கண்டிருக்கவில்லை. வியப்பாகத் தோன்றினும் உண்மை அதுவே. வாரத்தின் ஆறு நாள்களும் விடியுமுன் லாரியின் பின்புறத்தில் ஏறி வேலையிடம் சேர்வார். இருட்டியபின் அதே லாரியில் தங்குவிடுதிக்குத் திரும்புவார். நகரம் என்பது லாரியின் விளிம்புக்கு மேலே பின்னோக்கி ஓடும் விளக்குகளின் வரிசையாகவே இருந்தது. ஊரின் வரைபடத்தில் அவர் அறிந்த புள்ளிகள் இரண்டு. ஒன்று விடுதி, மற்றொன்று வேலையிடம். எஞ்சியதையும் அறிந்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் புறப்பட்டார்.

புறப்படுமுன் வீட்டுக்குப் பேசினார். சிங்கப்பூரில் மணி எட்டு, ஊரில் ஐந்தரை. அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கும் வேலையாப்பா?"

"இல்லம்மா, லீவு. ரயில்ல ஊர் சுத்திப் பாக்கப் போறேன்."

"பாத்துப் போ சாமி. எறங்குற எடத்தக் கண்டக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வை."

சரி என்றார். அங்கே நடத்துநரே இல்லை என்பதை விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

நடத்துநரின் பணியைச் செய்வது ஓர் அட்டை. நுழையும்போது ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை அதைப் பொறியில் தொட்டால் போதும். கடந்த தொலைவுக்கேற்பக் கட்டணம் கழிந்துவிடும். ரயிலிலிருந்து இறங்கி 45 நிமிடங்களுக்குள் பேருந்தில் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். மாறிமாறி ஏறிச் செல்வோர்மீது இருமுறை சுமை ஏற்றாத இக்கணக்கு பாராட்டுக்குரியது. தீவின் வடமுனையை ஒட்டிய கிராஞ்சி நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு வர இரண்டு வெள்ளியை ஒட்டியே செலவாகும். சிங்கப்பூர்த் தமிழர் டாலரை வெள்ளி என்றே வழங்குகின்றனர். வெள்ளிமலைப் பேருந்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அச்சொல் முதல் நாளிலேயே ஒட்டிக்கொண்டது.

கிராஞ்சி வழியாகச் செல்லும் வடக்குத் தெற்குத் தடம் லாட வடிவுடையது. மேற்கே ஜூரோங் ஈஸ்டில் தொடங்கி வடக்கே ஏறி, தீவின் உச்சியைச் சுற்றி, தெற்கே நகர மையத்துக்கு இறங்குகிறது. எனவே கிராஞ்சியில் இருப்பவர் எப்பக்கம் ஏறினாலும் நகரை அடையலாம். மேற்குப் பக்கம் இரண்டாவது நிலையமான சுவா சூ காங்கில்தான் அவருடைய வேலையிடம். அன்று அவர் அப்பக்கத்தைத் தவிர்த்துக் கிழக்கு நோக்கி ஏறினார்.

சன்னல் வழியே அடுக்குமாடிக் குடியிருப்புகள் அணிவகுத்தன. உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈஷூன் என நிலையங்கள் கடந்தன. காத்திப்பைத் தாண்டியதும் மரங்கள் அடர்ந்த நீண்ட வெளி வந்தது. இயோ சூ காங் முதல் தோ பாயோ வரையிலான ஐந்து நிலையங்கள்தாம் 1987 நவம்பர் 7 அன்று முதன்முதலில் திறக்கப்பட்டவை. அன்றைய பாதையின் நீளம் ஆறு கிலோமீட்டர். அதிலிருந்து கிளைத்ததே இன்று தீவெங்கும் பரவியிருக்கும் வலை. சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். கல்வராயன் மலைத்தொடரின் பரப்போ ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். ஒரு மலைத்தொடரினும் சிறிய நாடு தன் மூலை முடுக்குகளைத் தண்டவாளத்தால் கோத்துக்கொண்டிருப்பதைத் தட்டை நிலத்தின் எளிமை என்று ஒதுக்கிவிட முடியாது. பீஷானைக் கடந்ததும் ரயில் நிலத்தடியில் நுழைந்தது.

அவரை நிமிரச் செய்தது வேறொன்று. பெட்டிக்குள் தமிழில் அறிவிப்பு ஒலித்தது. நடைமேடைக்கும் ரயிலுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனிக்குமாறு ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மொழிகளோடு தமிழிலும் கேட்டுக்கொண்டார்கள். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதை அவர் அறிவார். அவர் வேலையிடத்திலும் தமிழ் உண்டு. கட்டுமான வேலியில் நான்கு மொழிகளில் எழுதிய பலகை ஒன்று தொங்கும். அபாயம், விலகியிரு என்பது அதன் பொருள். ஆறு நாள்களும் விலகி நிற்கச் சொன்ன தமிழ், ஏழாம் நாள் பார்த்து ஏறச் சொன்னது. வெளியேறும் வழியும் மாறும் தடமும் ஆங்கிலத்தில் குழப்பிய இடங்களில், சுவரில் தமிழெழுத்தைத் தேடி அவர் கண்கள் அலைந்தன. நிலையப் பெயர்கள் பலவற்றைத் தமிழிலேயே வாசித்தார்.

கிராஞ்சியிலிருந்து பதினான்காம் நிலையம் நியூட்டன். அங்கு இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாறினார். அத்தடத்தில் ஓட்டுநரும் இல்லை. முதற்பெட்டியின் முன்கண்ணாடியருகே சிறுவன் ஒருவன் தானே ஓட்டுவதுபோல் கைகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். அம்மாவிடம் இதை எவ்வாறு சொல்வது என்று எண்ணி முடிப்பதற்குள் அடுத்த நிலையமான லிட்டில் இந்தியா வந்துவிட்டது.

மேலே ஏறியதும் மல்லிகை மணந்தது. அப்பகுதியை மக்கள் தேக்கா என்று அழைக்கின்றனர். அது தேக்கு மரத்தின் பெயரன்று. மூங்கிலின் அடி என்னும் பொருள்தரும் ஹொக்கியன் சீனச் சொல்லின் திரிபு. முற்காலத்தில் அங்கு ஓடிய நீரோடையின் கரையில் மூங்கில் வளர்ந்திருந்ததாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் மூங்கில்துறைப்பட்டு இருக்கிறது. நீர்க்கரையும் மூங்கிலும் சேர்ந்த இடத்தில் மக்கள் பேச்சு எம்மொழியிலும் ஒரே வகையில்தான் பெயரிடும்போலும்.

ஞாயிறன்று சிராங்கூன் சாலை தொழிலாளர்களால் நிரம்பும். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நிற்கும். அவரும் நின்றார்; தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை அனுப்பினார்; சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். காளியம்மன் கோவில் வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய முதியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிங்க ஐயா."

"கடலூருக்குக் கிட்டவா?"

"விழுப்புரம் மாவட்டமா இருந்துச்சு. இப்பத் தனி மாவட்டம்."

முதியவர் நெற்றியைச் சுருக்கினார். "எங்க தாத்தா தென்னார்க்காடுனு சொல்வாரு. அந்தப் பக்கமோ?"

"அதேதாங்க ஐயா!"

தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்தது. விழுப்புரம் 2019இல் பிரிந்தது. கப்பலேறியவர் எப்பெயரைக் கொண்டு சென்றாரோ அப்பெயரே அயல்நாட்டில் அவர் பேரன் வாயில் தங்கிவிட்டது. இரண்டு பெயர்களுக்கும் மண் ஒன்றே என்று தெரிந்ததும் முதியவர் இளைஞரின் தோளைத் தட்டி, ஆற்றங்கரைக்குச் செல்லும் பேருந்து நிறுத்தத்தைக் காட்டினார். "கைய நீட்டணும் தம்பி. இல்லாட்டி நிக்காம போயிடும்."

இந்த ஒன்று மட்டும் ஊரில் கற்றபடியே இருந்தது. கையை நீட்டினார், இரட்டைத்தட்டுப் பேருந்து நின்றது. மேல்தட்டின் முன்னிருக்கை காலியாக இருந்தது. ஏழு மாதங்களில் முதன்முறையாக நகரம் அவரை நோக்கி வந்தது.

நகர மண்டபப் பகுதியில் வெண்ணிறத் தேவாலயம் ஒன்று மரங்களுக்கிடையே எழுந்து நின்றது. அது புனித ஆண்ட்ரூ பேராலயம். 1856 முதல் 1861 வரை அதைக் கட்டி எழுப்பியோர், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுச் சிங்கப்பூரில் அடைக்கப்பட்டிருந்த கைதிகள். அவர்கள் பெயர்களைச் சுற்றுலா வழிகாட்டிகள் உரைப்பதில்லை. ஆற்றோரம் இறங்கி நடந்தால் சூலியா தெரு. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கியது. அருகிலுள்ள மார்க்கெட் தெருவில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. இன்று அங்கு வானளாவும் வங்கிக் கட்டடங்கள். ஞாயிறு என்பதால் தெரு வெறிச்சோடியிருந்தது. அவர் கட்டடங்களை அண்ணாந்து பார்த்த முறை சுற்றுலாப் பயணியினது அன்று. தூண்களுக்கிடையே எவ்வளவு தொலைவு, கம்பி எத்தனை கனம் இருக்கும் என்று அளந்துகொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. வந்த வழியே திரும்ப அவருக்கு மனமில்லை. ராஃபிள்ஸ் பிளேசில் மேற்கு நோக்கிய ரயிலில் ஏறினார். தியோங் பாருவைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு மேலேறி, அந்தி வெளிச்சத்துக்குள் வந்தது. ஜூரோங் ஈஸ்டில் மாறி, லாடத்தின் மற்றொரு கையைப் பிடித்து வடக்கே திரும்பினார். புக்கிட் கோம்பாக் கடந்ததும் எழுந்து கதவருகே நின்றார்.

ஜூரோங் வட்டாரத் தடம் என்னும் புதிய பாதை முழுவதும் தரைக்குமேல் தூண்களில் அமைகிறது. நீளம் 24 கிலோமீட்டர், நிலையங்களும் 24. அதன் ஒரு முனை சுவா சூ காங். பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. வேலிக்குள் விளக்குகள் எரிந்தன. உள்ளே நின்று அண்ணாந்தே பார்த்திருந்த தூண்களை அவர் ரயிலின் உயரத்திலிருந்து நேருக்குநேர் பார்த்தார். மூன்றாவது தூண் அவர் குழு கம்பி கட்டியது. மழை விடாது பெய்த வாரத்தில் அதைக் கட்டினார்கள். கைப்பேசியில் படம் எடுத்தார்; கண்ணாடியில் பெட்டியின் வெளிச்சம் பட்டுத் தெளிவாக விழவில்லை. மீண்டும் எடுத்தார். அருகில் நின்றவர் எதைப் படமெடுக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் தம் கைப்பேசிக்குத் திரும்பினார்.

ரயில் அங்கு நின்றது அரை நிமிடம் இருக்கும். கதவுகள் மூடின. அடுத்து யூ டீ, அதற்கடுத்துக் கிராஞ்சி. அட்டையைப் பொறியில் தொட்டு வெளியே வந்ததும் அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினார். திங்கட்கிழமை லாரி ஐந்தரை மணிக்கு வரும் என்று விடுதியின் வாசற்பலகையில் எழுதியிருந்தது.