நூற்றெட்டு ஆண்டுக் காத்திருப்பு



பேஸ்பால் நம் நாட்டில் அவ்வளவாக ஆடப்படாத ஆட்டம். பள்ளித் திடலில் நாம் ஆடிய ரவுண்டர்ஸ் ஆட்டத்திற்கு நெருங்கிய உறவு என்று சொன்னால் ஓரளவு விளங்கும். என் அக்காள் மகன் சிகாகோவில் படித்த காலத்தில் அவனிடமிருந்து எனக்கும் இந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது. வென்ற குழுக்களின் கதைகளைவிட, தலைமுறை தலைமுறையாக வெல்லாமல் இருந்த குழுக்களின் கதைகளே என்னை ஈர்த்தன. பிள்ளைகளின் தோல்வியோடு அன்றாடம் பழகுகிறவர்கள் நாம். ஆகவே அக்கதைகளுள் சிலவற்றை உங்களோடு பகிர விரும்புகிறேன்.

சிகாகோ கப்ஸ் குழு 1907, 1908 ஆகிய ஈராண்டுகளிலும் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியை வென்றது. அதன் அடுத்த வெற்றி 2016ஆம் ஆண்டில்தான் வந்தது. இடையில் இரண்டு உலகப் போர்கள் மூண்டு முடிந்தன. மனிதன் நிலவில் நடந்து திரும்பினான். 1908இல் அவ்வெற்றியைக் கண்டு களித்தவர்கள் மறைந்து, அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் முதுமை அடைந்தனர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு 1918 முதல் 2004 வரை 86 ஆண்டுகள் காத்திருந்தது. சிகாகோ நகரின் மற்றொரு குழுவான வொயிட் சாக்ஸ் 1917 முதல் 2005 வரை 88 ஆண்டுகள் காத்திருந்தது.

இவ்வளவு நீண்ட தோல்விக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் மனித மனம் அமைதி அடையாது. சிகாகோ மக்கள் ஓர் ஆட்டின்மீது பழியைப் போட்டார்கள். 1945ஆம் ஆண்டின் உலகத் தொடரைக் காண மதுக்கடைக்காரர் ஒருவர் தம் ஆட்டையும் அழைத்து வந்தாராம். ஆடு வெளியேற்றப்பட்டதாம். சினமுற்ற அவர் குழுவைச் சபித்துவிட்டாராம். பாஸ்டன் மக்களோ, 1919ஆம் ஆண்டின் இறுதியில் பேப் ரூத் என்னும் மாபெரும் ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் குழுவிற்கு விற்றதே தங்கள் சாபத்திற்குக் காரணம் என்றனர். கேட்கச் சிரிப்பு வரும். எனினும் சாபக்கதையால் யாருக்கும் தீங்கில்லை. ஆட்டின்மேல் பழி சொன்னால் ஆட்டுக்கு என்ன நோகப்போகிறது?

பழி ஒரு மனிதன்மேல் விழும்போதுதான் நோகிறது.

1986ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். பாஸ்டன் குழு வெற்றியின் விளிம்பில் நின்றது. பத்தாவது சுற்றில் தரையோடு உருண்டு வந்த ஒரு பந்து பில் பக்னரின் கால்களுக்கு இடையே புகுந்து சென்றது. நியூயார்க் மெட்ஸ் வென்றது. அந்தப் பந்து வருவதற்கு முன்பே ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது என்பதைப் பலர் மறந்தார்கள். ஏழாவது ஆட்டம் ஒன்று மீதமிருந்தது என்பதையும், அதில் பாஸ்டன் 3-0 என முன்னிலை பெற்றுப் பின்னர்த் தோற்றது என்பதையும் மறந்தார்கள். தம் ஆட்ட வாழ்வில் 2,715 முறை பந்தை வெற்றிகரமாக அடித்த மனிதர், தவறவிட்ட ஒரு பந்தால் நினைவுகூரப்பட்டார்.

2003ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்தது இன்னும் கொடியது. உலகத் தொடருக்குத் தகுதி பெறும் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் கப்ஸ் குழு 3-0 என முன்னணியில் இருந்தது. எதிரணியில் இன்னும் ஐவரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். அப்போது பார்வையாளர் பகுதியின் ஓரத்தில் விழ வந்த பந்தைப் பிடிக்கச் சிலர் கை நீட்டினர். ஓர் இளைஞரின் கையில் பட்டு அது விலகியது. அதன்பிறகு குழுவின் ஆட்டக்காரர் ஒருவரே எளிய பந்தைத் தவறவிட்டார். அந்த ஒரே சுற்றில் எதிரணி எட்டு ஓட்டங்கள் எடுத்தது. மறுநாள் ஏழாவது ஆட்டத்திலும் கப்ஸ் தோற்றது. ஆயினும் அரங்கம் முழுவதும் வசைபாடியது அந்த இரசிகரைத்தான். காவலர் துணையோடு வெளியேறிய அவர், மன்னிப்புக் கேட்டு அறிக்கை விடுத்தார். பின்னர்ப் பொதுவாழ்வின் வெளிச்சத்திலிருந்தே ஒதுங்கிக்கொண்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மாணவன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். மாவட்டக் காற்பந்துப் போட்டியில் அவன் கோல்காவலன். கடைசி நிமிடத்தில் ஒரு பந்து அவன் கைநழுவிப் போனது. அதற்கு முன் எங்கள் குழு நான்கு நல்ல வாய்ப்புகளை வீணடித்திருந்தது. அவற்றை யாரும் பேசவில்லை. திடலோரத்தில் நின்ற பெரியவர்கள், அவன் காதில் விழும்படியே அந்த ஒரு பந்தைப் பற்றிப் பேசினார்கள். மறு ஆண்டு குழுவுக்குப் பெயர் கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். பதினொரு வயதுப் பிள்ளை அவன்.

காத்திருப்பில் வேறொரு முகமும் உண்டு. கப்ஸ் குழுவின் எர்னி பேங்ஸ் 1953 முதல் 1971 வரை 2,528 ஆட்டங்கள் ஆடினார். தம் குழு பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோற்ற 1958, 1959 ஆகிய ஆண்டுகளில்கூட, அவரே தம் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். இறுதிக்கட்டப் போட்டிகளில் ஒன்றில்கூட ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆனாலும், வெயில் நன்றாக இருக்கிறது, இன்று இரண்டு ஆட்டம் ஆடுவோமே என்று சொல்லும் மனிதர் அவர். 2015ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். அடுத்த ஆண்டில் குழு வென்றது.

அந்த 2016 இறுதி ஆட்டமும் எளிதில் முடியவில்லை. கிளீவ்லாந்துக் குழு எட்டாவது சுற்றில் சமன் செய்தது. ஒன்பது சுற்று முடிந்ததும் மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில் ஜேசன் ஹேவர்ட் சக ஆட்டக்காரர்களை ஓர் அறையில் கூட்டித் தெம்பூட்டினார். அத்தொடரில் அவருடைய ஆட்டம் சிறக்கவில்லை. வாய் மட்டும் சோரவில்லை. பத்தாவது சுற்றில் 8-7 என்ற கணக்கில் கப்ஸ் வென்றது.

அந்நாள்களில் சிகாகோ அரங்கின் செங்கல் சுவரில் மக்கள் சுண்ணக்கட்டியால் பெயர்களை எழுதினார்கள். இவ்வெற்றியைக் காணாமல் மறைந்த அப்பா, தாத்தா, பாட்டி ஆகியோரின் பெயர்கள் அவை. ஒரு மகன் பல நூறு மைல் காரோட்டிச் சென்று, தந்தையின் கல்லறையருகே அமர்ந்து இறுதி ஆட்டத்தை வானொலியில் கேட்டார். கிண்ணம் எதையும் விட்டுச்செல்லாத அந்தப் பெற்றோர், சேர்ந்து அமர்ந்து ஆட்டம் பார்த்த பொழுதுகளைப் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றிருந்தார்கள். அன்றிரவு தோற்ற கிளீவ்லாந்து மக்களின் காத்திருப்போ 1948இல் தொடங்கியது. 2025ஆம் ஆண்டிலும் அது முடியவில்லை. அங்கும் அப்பாக்கள் பிள்ளைகளை ஆட்டத்திற்கு அழைத்துச் செல்கிறார்கள்.

2008ஆம் ஆண்டில் பாஸ்டன் இரசிகர்கள் பக்னரை அழைத்து, எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள். 2017ஆம் ஆண்டில் கப்ஸ் குழு அந்த இரசிகருக்கு வெற்றி மோதிரம் வழங்கியது. நல்ல செயல்கள்தாம். ஆயினும் இரண்டும், குழு வென்ற பிறகே நடந்தன. வெற்றி வந்தபின் மன்னிப்பது எளிது.

வெற்றிக்கு முன்பே அதைச் செய்வது நம் கையில் இருக்கிறது. பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை தோற்றுவிட்டுக் காரில் ஏறும்போது, எந்தப் பந்து தவறியது என்று கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். மற்றதை அவனே சொல்வான்.