கூரைமேல் ஒரு தோட்டம்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில், 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கென எழுந்த ‘ஹாபிடாட் 67’ குடியிருப்பின் படத்தைக் காணுந்தோறும் என் உள்ளத்தில் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. கட்டடக் கலைஞர் மோஷே சாப்டி, 354 கான்கிரீட் அறைகளைத் தரையிலேயே வார்த்து, பாரந்தூக்கியால் ஏற்றி அடுக்கி, 158 வீடுகளாக்கினார். கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டின் தோட்டம்! அயலார் சந்தித்து அளவளாவ மாடியிலும் பொது நடைபாதைகள். எளியோர்க்கும் இத்தகைய வீடு கிட்டவேண்டுமென்பதே அவர் அவா. ஆனால் செலவு மிகுந்தது. திட்டத்தில் ஒரு பகுதியே எழுந்தது. இன்று அங்கு வாழ்வோர் பெரும்பாலும் வசதி படைத்தோரே. ஏழைக்குக் கூரை போதாதா, பூஞ்செடி எதற்கு என்பார் நம்மிடையேயும் உளர். எனக்கோ அதில் உடன்பாடில்லை. 2015இல் வெளியான ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், அயலார் கூடும் பொதுவிடங்களையும் வீடற்றோர் துயரையும் அடுத்தடுத்த பத்திகளிலேயே பேசுகிறார்.