எந்த வருசத்து மகசூல்?

உறவில் ஒருத்தன் கம்ப்யூட்டர் வேலையில் இருந்துவிட்டால் போதும், மொத்த வம்சத்துக்கும் அவன்தான் எலெக்ட்ரீஷியன். செல்போனில் சார்ஜ் ஏறவில்லை, இன்வெர்ட்டர் கூவுகிறது, டிவியில் ஒரு சேனல் காணோம் என்று எல்லாப் புகாரும் அவன் கணக்கில்தான் வரும். நானும் அப்படி மாட்டிக்கொண்டவன். ஆனால் 2025 கார்த்திகையில் கம்பத்திலிருந்து பெரியம்மா மகள் போன் பண்ணியபோது அலுப்பாகச் சொல்லிவிட்டு வைக்க முடியவில்லை.

அக்கா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாக மலை ஏறி, இருட்டும்போது திரும்புகிற வேலை. மகள் தேனியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம். சீட்டு எடுத்த பணம் 35,000 ரூபாய் கையில் இருக்கிறது.

"தம்பி, கடையில ஐ-செவன் தர்றேங்கிறான். பதினாறு ஜி.பி.யாம். இருபத்திரெண்டாயிரந்தான். புதுசு வேணும்னா ஐ-த்ரீ தானாம், அது முப்பத்தெட்டாம். ஏழு பெருசா, மூணு பெருசா? எனக்கே தெரியுதே!"

இந்தக் கணக்கில்தான் ஊர் முழுக்க ஏமாறுகிறது. ஏழு என்பது பிராசஸருக்கு வைத்த ரகப்பெயர், அவ்வளவுதான். அதன் வயசு அடுத்து வரும் நம்பரில் இருக்கிறது. போட்டோ அனுப்பச் சொன்னேன். ஐ7-4600யூ. கோட்டுக்குப் பின்னால் முதலில் வரும் 4 என்றால் நாலாம் தலைமுறை, 2013-ல் வந்தது. ஐ3-1215யூ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. முதலாவதில் இரண்டு கோர், இரண்டாவதில் ஆறு. ஏழு, மூணிடம் தோற்றுப்போகும். (2023 கடைசியில் இன்டெல் அந்த 'ஐ'யையும் தூக்கிவிட்டு, 'கோர் அல்ட்ரா' என்று புதுப் பெயர் சூட்ட ஆரம்பித்தது. நமக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துவிட்டது போல.)

இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது? அவர் கல்யாணத்துக்கு முன்னால் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற காய்தான் பெரிய காய். ஆனால் சைஸை மட்டும் பார்த்து யாரும் வாங்கமாட்டார்கள். லிட்டர் அளவையில் கொட்டி எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பச்சை நிறம் மங்கியிருந்தால் பழைய சரக்கு.

"அக்கா, இந்த ஐ-செவன் போன மகசூல் இல்ல, பன்னெண்டு வருசத்துக்கு முந்தின மகசூல். காய் பெருசுதான். பச்சை போயிருச்சு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அடப் பாவி, சாக்கைப் பிரிச்சே காட்டலையே" என்றார்.

பழைய மெஷின் என்பதே குற்றமில்லை. இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெல் பிராசஸராக இருக்கும்பட்சத்தில், பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்வார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆகவே ஆபீஸ்கள் கழித்துவிடும் பழைய லேப்டாப்களுக்கு ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி, சின்ன ஊர்க் கடைகளுக்குத் தள்ளிவிட நல்ல சீஸன் இது. குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றியும் தருவார்கள். மூன்று வருஷம் படிக்கப்போகிற பெண்ணுக்கு அது தேவையில்லாத தலைவலி.

அக்கா வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், மூத்தவன் ப்ளஸ் டூ படித்தபோது கிடைத்தது. தேனி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். கேலி பேசியவர்கள் உண்டு. என்னால் முடியாது, அதில் டைப் அடித்துப் பழகிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். இப்போது அதன் பேட்டரி செத்துவிட்டது, ப்ளக்கைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். ஹார்ட் டிஸ்க் கடகடக்கிறது. அதைக் கழற்றி ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றினால் வீட்டில் பாட்டுக் கேட்கவும் பாடம் பார்க்கவும் ஓடும். செலவு கொஞ்சம்தான். ஆனால் அதை வைத்துப் பட்டம் வாங்கச் சொல்வது நியாயமில்லை.

டெஸ்க்டாப் வாங்கினால் என்ன? அதே காசுக்கு வேகம் கூடக் கிடைக்கும், ரிப்பேர் சுலபம், பத்து வருஷம் ஓட்டலாம். சென்னையில் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். கம்பத்தில் கரன்ட் பற்றிக் கேட்காதீர்கள். லோயர்கேம்ப்பில் பெரியாறு தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், வழியெங்கும் காற்றாலைகள். அப்படியிருந்தும் 2012 மின்வெட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்த ஊர் இது. இப்போது அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஐப்பசி மாசம் சாயந்திரம் மலைப்பக்கம் இடி இறங்கினால் கரன்ட் போய்ப் போய் வரும். டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். வேண்டும், சின்னது வாங்கினால் சேமித்துவிட்டு மூடத்தான் நேரம் கொடுக்கும். லேப்டாப்புக்கு வயிற்றிலேயே யு.பி.எஸ். இருக்கிறது. தவிர, அந்தப் பெண் தினமும் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும்.

எதை வாங்கினாலும் மூன்றாவது பின்னைப் பிடுங்கிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகாதீர்கள். எர்த் ஒயர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

பட்ஜெட்டில் மூவாயிரம் துண்டு விழுந்தது. "எதைக் குறைக்கலாம்?" என்றார் அக்கா. அவருக்கு ஒவ்வோர் ஆயிரமும் எத்தனை ஜீப் பயணம் என்று கணக்கு. யோசித்துச் சொன்னேன்: டச் ஸ்கிரீன் வேண்டாம், கலர் கலராக எரியும் கீபோர்டு வேண்டாம், 512 ஜி.பி.க்குப் பதில் 256 போதும். எம்.எஸ். ஆபீஸ் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் இலவசம். ஆனால் எஸ்.எஸ்.டி.தான் வேண்டும், சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் கூடாது. திரை 1920-க்கு 1080 இருக்கணும், நாளெல்லாம் பார்க்கப்போகிற கண் அவளுடையது. எட்டு ஜி.பி. ராம் இப்போதைக்குச் சரி, ஆனால் இன்னொன்று சேர்க்கக் காலி ஸ்லாட் உண்டா என்று கேட்கணும். மெல்லிசான மாடல்களில் ராமைப் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். ஏ.ஐ. கம்பெனிகள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை எகிறிவிட்டது, ஆகவே பதினாறு ஜி.பி.க்கு ஆசைப்பட அது நேரமில்லை.

இன்னொன்று, விளம்பரத்தில் வராதது. சர்வீஸ். 'ஆன்சைட் வாரன்ட்டி' என்று அட்டையில் போட்டிருக்கும். வீட்டுக்கு வருவார்கள்தான், எந்த வீட்டுக்கு? கம்பத்து பின்கோடைச் சொல்லிக் கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணச் சொன்னேன். இரண்டு கம்பெனிகளில் ஒன்று வருகிறேன் என்றது. இன்னொன்று மதுரைக்குக் கொண்டுவரச் சொன்னது. மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. இரண்டாவது கம்பெனி அந்த இடத்திலேயே அவுட்.

ஞாயிற்றுக்கிழமை தேனியில் வேறொரு கடைக்கு அம்மாவும் மகளும் போனார்கள். நான் வீடியோ காலில். கடைப்பையன் பெட்டியை எடுத்து வைத்து, "ஐ-த்ரீதான்க்கா, ஆனா சூப்பரா இருக்கும்" என்று ஆரம்பித்தான். அக்கா அவனை முடிக்கவிடவில்லை.

"ரகம் கெடக்கட்டும். இது எந்த வருசத்து மகசூல்? பெட்டிய என் முன்னால பிரி."

மகள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையன் முழித்தான். அப்புறம் பெட்டியைத் திருப்பி, தயாரித்த மாசம், வருஷம் போட்டிருந்த இடத்தை விரலால் தேய்த்துக் காட்டினான். மூன்று மாசத்துக்கு முந்தினது. பேரம் பேசி 36,500-க்கு முடித்தார்கள், மிச்சத்துக்கு மூத்தவன் ஜிபே போட்டான்.