எரிந்த சுருளும் நின்றுபோன ஹார்டு டிஸ்க்கும்

தியானப் பகுதி: எரேமியா 36:20–32



ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னே பாவ அறிக்கை வருகிறது. அந்த ஒழுங்கின்படியே இந்த வாரத் தியானத்தையும் ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன்.

கடந்த தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாளுக்கான பிரசங்கத்தை முடிக்கும் தறுவாயில், என் மடிக்கணினியிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் எழும்பியது. திரை அசைவற்று நின்றது. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினேன். அதே சத்தம். அன்றிரவு ஏழெட்டு முறையாவது அப்படிச் செய்திருப்பேன். ஒவ்வொரு முறையும் கண்களை மூடி ஜெபித்துவிட்டே பொத்தானை அழுத்தினேன். நள்ளிரவுக்குப் பின் அந்தச் சத்தமும் வரவில்லை. பதினோரு ஆண்டுகளின் பிரசங்கங்களும், வேதபாடக் குறிப்புகளும், சபையின் புகைப்படங்களும் அதற்குள்ளே இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

எச்சரிப்பு இல்லாமல் அது நேரிடவில்லை. மூன்று வாரங்களாகவே கோப்புகள் திறக்க வெகுநேரம் எடுத்தன. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உயிர்த்தெழுதல் பண்டிகை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சென்னையில் தரவு மீட்பு செய்கிற ஓர் இளைஞர் ஹார்டு டிஸ்க்கை வாங்கிப் பார்த்துவிட்டு, “சத்தம் வந்தபிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள், ஐயா?” என்று கேட்டார். சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். உள்ளே மெருகேற்றிய தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கிற முனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிரின் தடிப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. முனை பழுதானபின் இயக்கினால் அது தட்டை உரசும். மேலிருக்கும் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுத் தூளாகும். தகவல் எழுதப்பட்டிருப்பது அந்தப் பூச்சில்தான். “முதல் சத்தத்திலேயே அணைத்து வைத்திருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கும்” என்றார் அவர். ஜெபித்துக்கொண்டே நான் அதைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து, அதே மாதிரியான வேறொரு டிஸ்க்கின் முனையை எடுத்துப் பொருத்தி, நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்து, பழுதான பகுதிகளைக் கடைசியாக முயன்றார்கள். மூன்று வாரங்களுக்குப் பின் பெரும்பகுதி திரும்பி வந்தது. பிரசங்கங்கள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டன. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பின்பு ஒரே ஒரு கோப்பைத் தேடினேன். அது இல்லை.

அது நம் சபையின் மூத்த தாயார் ஒருவரின் சாட்சி. இளவயதில் கணவரை இழந்து, பீடி சுற்றி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். நாற்பது வயதுக்கு மேல், வேதாகமத்தை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கற்றவர். அவர் மரிப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், திண்ணையில் அமர்ந்து தம் வாழ்க்கையைச் சொன்னதை என் கைபேசியில் பதிவு செய்தேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அதை மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, கைபேசியில் இடம் போதவில்லை என்று அங்கே அழித்துவிட்டேன். அடக்க ஆராதனை முடிந்த அன்று, வெளிநாட்டில் வேலை செய்கிற அவருடைய மகன் அதைக் கேட்டார். “அனுப்புகிறேன், தம்பி” என்றேன். ஒன்பது மாதங்கள் கடந்தன. அனுப்பவில்லை. இருமுறை நினைவூட்டினார். இருமுறையும், “இந்த வாரம் அனுப்பிவிடுகிறேன்” என்று பதில் எழுதினேன்.

அன்பானவர்களே, என் பிரசங்கங்களில் ஒன்றையாகிலும் ஒருவரும் என்னிடத்தில் திரும்பக் கேட்டதில்லை. ஒருவர் என்னிடம் கேட்டிருந்தது அந்த ஒரு கோப்பை மாத்திரமே.

ஓராண்டு நினைவு ஜெபத்துக்காக அவர் விடுப்பில் வந்தார். ஜெபம் தொடங்குமுன் அவரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். கணினி பழுதாயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்ள என் மனம் விரும்பியது. அது பாதி உண்மை. கையில் இருந்தபோது கொடாமல் இருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அம்மா குரல் இனி இல்லையா, ஐயா?” என்று மாத்திரம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அந்த நாட்களில்தான் எரேமியா 36ஆம் அதிகாரம் எனக்கு வேறு விதமாகத் திறந்தது. 23 ஆண்டுகளாக எரேமியா உரைத்த வார்த்தைகளை, அவர் வாய்சொல்லக் கேட்டுப் பாருக்கு ஒரு சுருளில் எழுதினான். குளிர்காலத்தில் ஒரு நாள், யோயாக்கீம் ராஜாவின் முன் அது வாசிக்கப்பட்டது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டவுடன் அவற்றைக் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டார்கள். சுருள் முழுவதும் எரிந்து தீர்ந்தது. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்களுக்கு ராஜா செவிகொடுக்கவில்லை. ஆனால் கர்த்தர் வேறொரு சுருளை எடுக்கச் சொன்னார். பாருக்கு முந்தின வார்த்தைகள் எல்லாவற்றையும் மறுபடியும் எழுதினான். அவற்றோடு இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன. எப்படி முடிந்தது? கர்த்தருடைய வார்த்தை சுருளில் மாத்திரம் இருக்கவில்லை. அது தீர்க்கதரிசியின் நாவில் இருந்தது.

அன்று மாலை நினைவு ஜெபத்தில் நான் பிரசங்கிக்கவில்லை. அந்தத் தாயாரைக் குறித்து நினைவில் உள்ளதைச் சொல்லும்படி குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். பேத்தி ஒருத்தி, பாட்டி எழுத்துக் கூட்டி வாசித்த விதத்தைச் சொன்னாள். மருமகள் சொன்ன ஒன்று அந்த ஒலிப்பதிவில் இருந்ததில்லை. வீட்டில் அரைவயிற்றுக்கே அரிசி இருந்த நாட்களிலும், உலை வைக்குமுன் ஆலயத்துக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை அவர் எடுத்து வைப்பாராம். பிள்ளைகள் கேட்டால், “நம்மைவிட இல்லாதவங்க இருக்காங்க” என்பாராம். கடைசியாக மகனும் பேசினார். எட்டுப் பக்கங்கள் நிறைந்தன. இம்முறை அன்றிரவே நகல் எடுத்து, மூன்று பிள்ளைகளின் வீடுகளுக்கும் கொடுத்தேன்.

இதனால் என் குற்றம் நீங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குரல் போனது போனதுதான். நான் ஒரே இடத்தில் பூட்டி வைத்தேன். அவரோ தம் விசுவாசத்தை வீடு முழுவதும் விதைத்திருந்தார். நமக்கு ஒப்புவிக்கப்பட்டதைக் காப்பது என்பது பத்திரமாக வைத்திருப்பது மாத்திரமல்ல. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, தன்னிடத்தில் கேட்டதை உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவிக்கச் சொல்கிறார். அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்க வேண்டும் (2 தீமோத்தேயு 2:2). கைமாறும்போதே அது காக்கப்படுகிறது.

உங்கள் கணினியில் உள்ளவற்றுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்கட்டும். அது எளிது. அதைவிடக் கடினமான ஒன்றையும் கேட்கிறேன். நீங்கள் யாருக்கோ கொடுக்க வேண்டியது இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா? ஒரு மன்னிப்பு, ஒரு நன்றி, பிள்ளைகளுக்குச் சொல்லாத உங்கள் சாட்சி? ‘பிறகு’ என்று சொல்லாதிருங்கள். இந்த ஞாயிறுக்குள் கொடுத்துவிடுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் தாமதித்ததால் பிறர் இழந்தவற்றுக்காக எங்களை மன்னியும். எங்கள் கையில் நீர் தந்ததை, இன்று என்னும் பொழுதிலேயே கொடுத்துவிட எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.