பெருங்குடி: ஜன்னலில் கடல், வாசலில் தண்ணீர் லாரி

பெருங்குடி ஐ.டி. அலுவலகங்களுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டினர் பலருக்கும் கண் போவது கோட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை பக்கத்துக் கடலோர ஃபிளாட்கள் மேல்தான். பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் ஈ.சி.ஆர்., அப்புறம் கடல். பிள்ளைகளுக்கு அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளி தரமணியிலேயே இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

தண்ணீர் வேண்டும்!

கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். சோப்பு நுரைக்காது, ஷவர் துளைகளில் வெள்ளையாகப் படியும். குளிக்க, துவைக்க லாரித் தண்ணீர், குடிக்க கேன் தண்ணீர் என்று பிரித்துப் புழங்கப் பழக வேண்டும். 'அண்ணா, ரெண்டு கேன்' என்பதுதான் இங்கே முதலில் கற்க வேண்டிய தமிழ்.

2019 ஜூனில் தண்ணீர்ப் பஞ்சத்தால் ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அதற்கு நாலு வருடம்கூட ஆகவில்லை, 2015 டிசம்பரில் இதே பகுதியில் வெள்ளம். விசித்திரம் ஒன்றுமில்லை. பெருங்குடியை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்புநிலம்தான் மழைநீரைத் தேக்கி, ஒக்கியம் மடுவு வழியாக வெளியேற்றும். அதில் பெரும்பகுதியைக் கட்டடங்களும் குப்பைமேடும் விழுங்கிவிட்டன. மிச்சம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும் பூநாரைகளுக்கு மட்டும் வாடகை ஒப்பந்தம் கிடையாது!

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நெம்மேலியில் இரண்டு: 2013-ல் வந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024-ல் வந்தது 15 கோடி லிட்டர் தருவதற்கானது. அந்தக் குழாய் தெருவரை வந்திருக்கிறதா, சம்ப் எத்தனை லிட்டர், கோடையில் லாரிக்கு யார் பணம் தருவது? இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாட்ச்மேனிடம் கேட்டுவிடுவது நல்லது. புரோக்கர் கடலைத்தான் காட்டுவார்.