தகுதிச் சுற்று

கார் ரேசுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாதவன் நான். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு இயக்கம், கூட்டம், துண்டறிக்கை என்று அலைகிறவன். ஆனாலும் எங்கள் வீட்டுக்கும் ரேசுக்கும் இரண்டு தலைமுறைத் தொடர்பு உண்டு.

ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1950களிலிருந்து மெட்ராசின் கார் ரேஸ் அங்கேதான் நடந்தது. அயனம்பாக்கத்திலிருந்து என் அப்பா அங்கே போவார். ரேஸ் பார்க்க இல்லை, சனங்கள் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சவுக்குக் கட்டையில் கேலரி கட்ட. தான் கட்டிய கேலரியில் ஏறி உட்கார அவரிடம் டிக்கெட்டுக்குக் காசு இருந்ததில்லை. கயிறு அறுத்த கையோடு வீட்டுக்கு வந்து, "இன்னா சத்தம்டா, காது கிழிஞ்சிடும்" என்று மட்டும் சொல்வார்.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் சுற்றளவில் நிரந்தர ரேஸ் பாதை வந்தது. 1998இல் அதே ஊரில் ஹூண்டாய் கம்பெனி கார் செய்ய ஆரம்பித்தது. அப்பா சோழவரம் போனார். என் அக்கா மகன் இருங்காட்டுக்கோட்டை போகிறான்.

அவன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஷெட்டில் வேலை. ரேஸ் நாட்களில் ஒரு குழுவுக்குக் கூலிக்குப் போவான். ஒருமுறை, "எப்பப் பாத்தாலும் புக்கையே பாத்துக்னு கீற. ஒரு நாள் வந்து பாரு மாமா" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

அது ரேசுக்கென்றே தனியாகச் செய்த வண்டிகளின் போட்டி இல்லை. கடையில் விற்கிற காரையே எடுத்து, மெத்தை, பின்சீட்டு எல்லாம் பிடுங்கிப்போட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு பற்றவைத்து ஓட்டுகிற பிரிவு. வெள்ளிக்கிழமை பயிற்சி. சனிக்கிழமை தகுதிச் சுற்று. அதில் குறைந்த நேரத்தில் ஒரு சுற்று முடிப்பவன் ரேசில் முன்வரிசையில் நிற்பான்.

அந்தச் சனிக்கிழமை அவன் காருக்குள் குப்புறப் படுத்து, தரையில் ஈயப் பலகை ஒன்றைப் போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தான்.

"வேகமா ஓடற வண்டிக்கு எதுக்குடா வெயிட்டு?"

"டிரைவர் ஒல்லி மாமா. வண்டியும் ஆளும் சேந்து இவ்ளோ எடைன்னு ஒரு கணக்கு கீது. கொறைஞ்சா இத்த வெச்சி சரிகட்டணும். வெளிநாட்டுல கெலிச்சவன் வண்டியில அடுத்த ரேசுக்கு இன்னும் வெயிட்டு ஏத்துவான். ஒருத்தனே கெலிச்சிக்னு இருந்தா எப்டி?"

காரின் சொந்தக்காரர் அந்த நேரத்தில் கூடாரத்துக்குள் வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார். என் கையில் இருந்த பத்திரிகையின் அட்டையில் அம்பேத்கர் படம். அதைப் பார்த்ததும் குரல் மாறியது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். எல்லாத்தையும் கோட்டாவுல குடுத்தா அப்புறம் தகுதி எங்க இருக்கும்? இங்க பாருங்க. டிராக்குல சாதி இருக்கா? வேகமா ஓட்டறவன் ஜெயிக்கிறான்."

ஸ்பேனர் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

நான் பதில் சொல்லவில்லை. மேடையில் இதையே இரண்டு மணி நேரம் பேசுகிறவன் நான். சொல்லியிருந்தால் திங்கட்கிழமை அவனுக்கு வரவேண்டிய கூலி வந்திருக்காது. காருக்குள்ளிருந்து அவன் என்னைப் பார்த்த பார்வையில் அது இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவன் சொன்னது உண்மைதான். பிரிட்டனின் டூரிங் கார் போட்டியில் 2021 வரை முன்னணியில் இருப்பவனின் காரில் கூடுதல் எடை ஏற்றினார்கள். ஜப்பானின் சூப்பர் ஜி.டி. போட்டியின் மேல்பிரிவில், வாங்கிய ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கிலோ என்று பல ஆண்டுகள் கணக்கு வைத்தார்கள். 2006இல் போட்டிக்கு வந்த ஜி.டி.3 பிரிவில் ஃபெராரியானாலும் போர்ஷேயானாலும், எடையைக் கூட்டிக் குறைத்து, எஞ்சினுக்குக் காற்று போகிற வழியைச் சுருக்கி விரித்து, சமப்படுத்திவிட்டுத்தான் பந்தயத்துக்கு விடுகிறார்கள். இதற்குச் சலுகை என்று பேர் வைக்கவில்லை, விதி என்கிறார்கள். வண்டிகள் சமமாக இருந்தால்தானே ஓட்டுகிறவனின் திறமை தெரியும் என்கிறார்கள்.

ஆகவே ஐயா, முதலில் எடைமேடை, அப்புறம்தான் தகுதிச் சுற்று என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் காருக்கு அந்த நியாயத்தைக் கொடுக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. டிராக்கில் சாதி இருக்கா என்று கேட்டீர்கள். சொந்தக் கார், உரிமம், தீப்பிடிக்காத உடுப்பு, நாளுக்கு நாள் தேயும் டயர் இத்தனைக்கும் காசு வைத்திருப்பவன்தான் அந்த டிராக்குக்குள் வருகிறான். அந்தக் காசு எந்தத் தெருவில் சேர்ந்தது, எந்தத் தெருவில் சேரவில்லை என்று பாருங்கள், சாதி தெரியும்.

இந்த ஒப்புமையில் ஒரு பிசகும் உண்டு. அங்கே கெலித்தவன்மேல் எடை ஏற்றுகிறார்கள். இங்கே உங்கள்மேல் யாரும் எதையும் ஏற்றவில்லை. எடை எங்கள்மேல்தான் இருக்கிறது, பிறக்கும்போதே போல்ட் போட்டு முறுக்கியது. நிலம் இல்லாத எடை. தனிக் குழாய், தனிச் சுடுகாடு என்கிற எடை. அப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத எடை. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் எஸ்.சி.க்கு 18 சதவீதம். அது பரிசில்லை. அந்தப் பலகையில் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றுகிற வேலை. தனியார் கம்பெனி வேலையில் அதுவும் கிடையாது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேசில் நடிகர் அஜித்குமாரின் குழு போர்ஷே 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. எங்கள் தெருப் பையன்கள் பட்டாசு வெடித்தார்கள். அக்கா மகனும் வெடித்தான். ராத்திரி என்னிடம் கேட்டான்: "டயர் மாத்துனவங்க பேரு எங்கனாச்சும் போட்டானா மாமா?"

இதை எழுதும்போது அவனிடம், "உன் பேரைப் போடட்டுமாடா?" என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. அடுத்த ரேசுக்கும் கூப்புடணும்ல" என்றான்.