வேளாங்கண்ணிக் கடைவீதியிலே

ஆவணி பிறந்துவிட்டால் நம் கடலூர் மாவட்டத்துச் சாலைகளிலே காவியுடை உடுத்திய திருப்பயணிகள் செபமாலை சொல்லிக்கொண்டு சாரிசாரியாக நடந்து செல்வதைக் காண்கிறோம். குறிஞ்சிப்பாடியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் நடந்து செல்லுவோர் சிலர். குடும்பத்தோடு பேருந்தில் செல்லுவோர் பலர். சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கே சென்றால் வானளாவும் வெண்ணிறக் கோபுரங்கள் தென்படுகின்றன. ஆகஸ்ட் 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் அந்தப் பெருவிழாவைப் பற்றியும், திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1962-இல் பேராலயமாக உயர்த்திய அத்திருக்கோயிலைப் பற்றியும் வாசகர் நன்கறிவர். ஆதலின் இன்று நாம் ஆலயத்திற்கும் கடலுக்கும் இடையேயுள்ள கடைவீதியிலே சற்று நடப்போம்.

ஆலய முற்றத்தைவிட்டுக் கிழக்கு நோக்கிச் சென்றால், இருபுறமும் கடைகள். மேலே வானமும் ஓலைப் பந்தலுமே பலவற்றுக்குக் கூரை. விரற்கடை அளவிலிருந்து ஆள் உயரம் வரை மெழுகுதிரிகள் அடுக்கப்பட்டுள்ளன. தகட்டிலே வெட்டிய கையும் காலும் கண்ணும் வரிசையாகத் தொங்குகின்றன. நோய் தீர்ந்தவர் நேர்த்திக்கடன் செலுத்த வாங்குபவை அவை. பிள்ளைப்பேறு வேண்டுவோர்க்குச் சிறு மரத்தொட்டில், காணிக்கைக்குத் தென்னங்கன்று, புடவையுடுத்திய அன்னையின் சுரூபம், செபமாலை, உத்தரியம், எண்ணெய்ப் புட்டி என்று ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு பொருள் உண்டு. கடலை நெருங்க நெருங்கப் பொருள்கள் மாறுகின்றன. சங்கிலே பெயர் எழுதித் தருவோர், சிப்பி மாலை விற்போர், ஊதலும் பலூனும் ஏந்தித் திரிவோர், மீன் வறுப்போர் ஆகியோரின் குரல்கள் அலையோசையோடு கலக்கின்றன. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கடைக்காரரும் மலையாளம், தெலுங்கு, இந்தி என வந்தவர் மொழியிலேயே விலை சொல்லுகிறார். பிற சமயத்தவர் பலரும் அன்னையின் பெயரால் அங்கே பிழைக்கின்றனர்.

‘புனிதத் தலத்திலே இத்தனை வாணிகமா?’ என்று முகஞ்சுளிப்பவர் உண்டு. எருசலேம் ஆலயத்தில் ஆண்டவர் சாட்டை எடுத்ததை எடுத்துக்காட்டுவர். ஆனால் அங்கே விற்பனை நடந்தது ஆலய வளாகத்தின் உள்ளே. இறைவேண்டலுக்குரிய இடத்தைச் சந்தையாக்கியதையே ஆண்டவர் கண்டித்தார். ஆலயத்திற்கு வெளியே நேர்மையாக நடைபெறும் தொழிலை அவர் எங்கும் பழித்தாரில்லை.

அன்றியும், வேளாங்கண்ணியின் வரலாறே ஓர் எளிய வியாபாரியோடு பிணைந்தது என்பதை மறந்துவிடுகிறோம். வழிவழியாக வரும் செய்தியின்படி, நடுத்திட்டில் ஆலமரத்தடியிலே கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவன் ஒருவன் வழிப்போக்கர்க்கு மோர் விற்று வந்தான். அவன் தாய் ஒரு கைம்பெண். தேவ அன்னை தம் திருக்குழந்தையோடு அவன் முன் தோன்றி, குழந்தைக்கு மோர் கேட்டார். அவன் மகிழ்வோடு கொடுத்தான். பின்னர் அன்னையின் சொற்படி நாகப்பட்டினத்துக் கத்தோலிக்கச் செல்வர் ஒருவரிடம் செய்தி சொல்ல எழுந்தவன், தன் கால்கள் குணமானதை உணர்ந்தான் என்பர். அரண்மனையை நாடாமல், வெயிலிலே மோர்ப்பானையோடு அமர்ந்திருந்தவனிடம் அன்னை வந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

நாமோ அதே ஊரிலே சிறு வியாபாரிகளிடம் எவ்வாறு செல்லுகிறோம்? ஆலய உண்டியலில் தாராளமாகக் காணிக்கையிட்டுவிட்டு வெளியே வந்து, சிப்பி மாலை விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்காக அரைமணி நேரம் வழக்காடுவோர் நம்மிலே உண்டு. குறிஞ்சிப்பாடியிலே தறியில் அமர்ந்திருப்பவருக்கு இந்த வேதனை தெரியும். நூலின் விலையும் உழைப்பின் அருமையும் அறியாத ஒருவர் அவருடைய லுங்கியைக் கையிலே புரட்டி, பாதி விலைக்குக் கேட்டால் அவர் நெஞ்சு எவ்வளவு நோகும்! தமக்கு நேரும்போது நோவதைப் பிறருக்குச் செய்யலாகாது. வியாபாரிக்கும் இதே நீதிதான்: மொழி தெரியாத வடநாட்டாருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்பது அன்னையின் வாசலுக்கு ஏற்றதன்று.

இக்கடைவீதியைப் பற்றிப் பேசும்போது 2004 டிசம்பர் 26-ஐ நினையாதிருக்க இயலாது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை வேளையிலே ஆழிப்பேரலை எழுந்து கரையை விழுங்கியது. பேராலயத்திற்குள் இருந்தோர் உயிர்பிழைத்தனர். ஆனால் கடற்கரையிலே நின்ற திருப்பயணிகளும், கடைகளிலே இருந்த வியாபாரிகளும் நூற்றுக்கணக்கில் மாண்டனர். நாகை மாவட்டம் முழுவதும் இறந்தோர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். உள்ளே இருந்தவர் புண்ணியர், வெளியே இருந்தவர் பாவிகள் என்று எவரும் துணிந்து கூறவேண்டாம். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றி ஆண்டவர் அளித்த விடையை நற்செய்தியிலே படித்தோர் அவ்வாறு கூறார். அன்று மறைந்தோரில், மெழுகுதிரியும் பூமாலையும் விற்றுப் பிறருடைய வேண்டுதலுக்குத் துணைநின்ற ஏழைகளும் உண்டு. தந்தையை இழந்த வீட்டார் மீண்டும் அதே மணலிலே பந்தல் நட்டனர். இன்று நாம் காணும் கடைவீதி அவ்வாறு எழுந்ததே.

ஆகவே, வேளாங்கண்ணிக்குச் செல்லும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். முதலில் ஆலயம், திருப்பலி, ஒப்புரவு, பின்னரே கடைவீதி. தேவையானதை வாங்குங்கள், வாங்குவதை நியாயமான விலைக்கு வாங்குங்கள். வெயிலிலே நிற்பவரிடம் இன்சொல் ஒன்று கூறுங்கள். கடல் அழகியது, ஆயினும் அதன் இழுப்பு வலியது. காவலர் விலக்கிய இடத்திலே இறங்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கரையிலே ஒரு நிமிடம் நின்று, 2004-இல் அங்கே மறைந்தோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

மோர் விற்ற சிறுவனைத் தேடி வந்த ஆரோக்கிய அன்னை, அவ்வீதியிலே விற்போரையும் வாங்குவோரையும் ஒருங்கே காப்பாராக!